பாதி நிமிர்ந்த கூந்தல்

(சங்க ஆண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியமும் சமயமும் இசையும் முழங்கும் இம்மேடையில் நான் கூந்தலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு நாளைக் கழிக்கும் எழுத்தனுக்கு இதில் என்ன வேலை என்று தாய்மார்கள் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறேன். மாதர் பகுதியினர் இட்ட கட்டளை இது, தட்ட இயலவில்லை. கட்டளைக்குக் காரணமும் உண்டு. இந்நாளில் நம் குடியிருப்பில் கலியாணம் என்றால், பெண் அழகு நிலையத்திற்குச் சென்று தலைமுடியை இரசாயனத்தால் நிமிர்த்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஸ்ட்ரெயிட்டனிங் என்று குழந்தையும் சொல்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, அரை நாள் அசையாது அமர்ந்து எழுந்த பிறகு, இரண்டு முறை தலைமுழுகியதும் பழைய சுருள் பாதி திரும்பிவிடுகிறது. அப்போது என்ன செய்வது? சீயக்காயும் செம்பருத்தித் தாளியும் அறிந்த நம் பாட்டிமார் இதற்கு விடை சொல்ல இயலாது. படித்தும் அறிந்தோரிடம் கேட்டும் யான் திரட்டியவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முடி உடலின் பகுதியேயாயினும் உயிரற்ற பகுதி. தோலுக்குக் கீழே வேரில்தான் உயிர். வெளியே நீண்டு தொங்குவது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை. கையில் காயம் பட்டால் ஆறும். முடியில் காயம் பட்டால் ஆறுவதில்லை. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும் புது முடிதான் அதற்கு மாற்று. இவ்வுண்மையை மனத்தில் நிறுத்தினால் யான் பின்னர்ச் சொல்வனவெல்லாம் எளிதில் விளங்கும்.

இழையின் மேற்புறத்தில் மீன் செதில்போல் அடுக்கடுக்கான காப்பு உண்டு. அதனுள்ளே புரதச் சரடுகள் பல்வேறு பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றுள் ஒருவகை, நீர் பட்டால் அவிழ்ந்து, உலர்ந்தால் மீண்டும் சேரும் மெல்லிய பிணைப்பு. இன்னொருவகை, கந்தக அணு இரண்டு கைகோத்து நிற்கும் உறுதியான பிணைப்பு. சூட்டுப் பட்டையால் மட்டும் நிமிர்த்திய முடி மழைச்சாரல் பட்டதும் சுருண்டுவிடுவது, முதல்வகைப் பிணைப்பே மாறியிருப்பதால். இரசாயனம் கைவைப்பது இரண்டாம் வகையின்மேல்.

பெரும்பாலான நிலையங்களில் நடப்பது இதுதான். அமோனியம் தையோகிளைக்கோலேட் போன்றதொரு பசையைப் பூசிக் கந்தகப் பிணைப்பில் ஒரு பகுதியை அவிழ்க்கிறார்கள். பிறகு அலசி, உலர்த்தி, சூட்டுப் பட்டையால் இழுத்து நேராக்குகிறார்கள். இறுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாம் பசையைப் பூசி, அவிழ்ந்தவற்றைப் புதிய நிலையில் மீண்டும் பூட்டுகிறார்கள். அவிழ்ப்பது, நிமிர்த்துவது, பூட்டுவது ஆகிய மூன்றும் நிறைவாக நடந்தால்தான் வேலை நிலைக்கும்.

இதே இரசாயனத் தத்துவம் நம் வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் தொழிலில் உண்டு என்பதை அறிந்தபோது வியந்தேன். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தொழிற்சாலைகளில் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்பட்டு வந்தன. அவையும் அதே கந்தகப் பிணைப்பைத்தான் உடைக்கின்றன. ஆனால் முற்றிலும் உடைத்துவிடுவதால் மயிர் கூழாகிக் கரைகிறது. அந்தக் கழிவு நீரின் கேட்டைக் குறைக்கவே, 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நொதிகளைக் கொண்டு மயிர் நீக்கும் முறைகளை ஆராய்ந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டா. கடையில் விற்கும் மயிர் நீக்கும் பசையிலும் இருப்பது இதே தையோகிளைக்கோலேட் இனம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் முடி நிமிர்த்தும் பசையில் இப்பொருளை, பொதுமக்கள் கையாள்வதாயின் நூற்றுக்கு 8 பங்கும், தொழில் வல்லார் கையாள்வதாயின் 11 பங்கும் வரை ஒப்புகின்றன. ஆனால் அதன் காரம் பி.எச். அளவில் 9.5ஐத் தாண்டலாகாது. மயிர் நீக்கும் பசையிலோ 5 பங்குதான். காரம் மட்டும் 12.7 வரை போகலாம். பொருள் குறைந்தும், காரம் மிகுந்ததால், நிமிர்த்த வேண்டியது கரைத்துவிடுகிறது! அழகுக்கும் அழிவுக்கும் இடையே உள்ள வேலி எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, முடி முழுமையாக நிமிராமைக்குக் காரணங்களைப் பார்ப்போம். பசை போதிய நேரம் நில்லாமை ஒன்று. முடியின் திடத்திற்குப் பசையின் வலிமை போதாமை மற்றொன்று. நரைத்த முடியும் தடித்த முடியும் எளிதில் இணங்குவதில்லை. கற்றைகளைப் பெரிதாக எடுத்ததால் உட்புறம் பசை சேராமை மூன்றாவது. நாள்தோறும் தேய்த்த தேங்காயெண்ணெய் சரியாக நீங்காமல் பசையைத் தடுத்து நிற்பது நான்காவது; திருவனந்தபுரத்து வீடுகளில் இது மிகுதி. இறுதிப் பூட்டு வேலையை அவசரமாக முடித்தல் ஐந்தாவது. இவற்றுள் எது நேர்ந்தது என்று அறியாமல் பரிகாரம் தேடலாகாது. நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் என்பது வள்ளுவர் காட்டிய நெறியன்றோ?

இவ்விடத்தில் இன்றைய உரையின் உயிர்நாடியான செய்திக்கு வருகிறேன். பக்குவம் குறைந்த முடியும், பக்குவம் மிகுந்து நைந்த முடியும் உலர்ந்த நிலையில் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சிலுப்பிக்கொண்டு, அலையலையாய், அடங்காது நிற்கும். முன்னது அரைவேக்காட்டுச் சோறு. பின்னது குழைந்த சோறு. அரைவேக்காட்டை மீண்டும் அடுப்பிலேற்றலாம். குழைந்ததை அடுப்பிலேற்றினால் கஞ்சியாகும். இரண்டையும் பிரித்தறியாமல், "நிமிரவில்லை, மறுபடியும் போடுங்கள்" என்று கேட்பதிலேதான் பெருங்கேடு விளைகிறது.

நம் குடியிருப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டா. நிச்சயதார்த்தத்திற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெண் முடியை நிமிர்த்திக்கொண்டாள். மூன்று நாள் கழித்துத் தலைமுழுகியபோது பிடரிப் பக்கம் சுருள் இருந்தது. அன்றே வேறொரு நிலையத்திற்கு ஓடினாள். முதலில் போட்டது என்ன பசை என்று அவளுக்கும் தெரியாது, அவர்களும் கேட்கவில்லை. முடி முழுவதும் மீண்டும் பூசினார்கள். மறுவாரம் சீப்பு வைத்த இடமெல்லாம் முடி ஒடிந்து கையோடு வந்தது. பிடரியில் இருந்த குறை உண்மையில் நான்கு விரற்கடை அகலந்தான். அதற்காக இடுப்பளவு கூந்தலைத் தோள் மட்டத்திற்கு வெட்ட நேர்ந்தது. நிச்சயதார்த்தம் தடையின்றி நடந்தது என்பது ஆறுதல். ஆயினும் அப்பெண் பல மாதம் கண்ணாடி முன் நிற்கத் தயங்கினாள் என்று அவள் அன்னையார் சொன்னபோது என் மனம் வருந்தியது.

பிரித்தறியும் வழி எளியது. தலைமுழுகி, எண்ணெயும் சூட்டுப் பட்டையும் இன்றி, தானே உலர விடுக. ஈரமாய் இருக்கும்போதே பழைய சுருள் தெளிவாகத் தெரிந்தால் பக்குவம் குறைவு. அடுத்து, தலையின் பல இடங்களிலிருந்து ஈர முடி ஒவ்வொன்றை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல முடி தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டு, விட்டதும் மீளும். மீளாமல் ரப்பர்போல் நீண்டுகொண்டே போனாலும், விரலில் கொழகொழப்பாய் இருந்தாலும், சட்டென்று அற்றாலும் அது நைந்த முடி. அதன்மேல் இனி எந்த இரசாயனமும் படலாகாது. மூன்றாவதொன்றும் உண்டு. இடவப்பாதியும் துலாவருஷமும் பெய்யும் இவ்வூரில், ஈரக்காற்றை உறிஞ்சிய முடி உப்பிச் சிலுப்புவது இயல்பு. அதை வேலைக் குறை என்று மயங்கி நிலையத்துக்காரருடன் வாதிடுதல் வேண்டா.

பக்குவம் குறைவு என்று உறுதியானால் செய்ய வேண்டுவன யாவை? திருத்தத்திற்கு மிகச் சிறந்த நேரம் முதல் நாளேயாகும். அதாவது பூட்டும் பசை பூசுவதற்கு முன். பசை ஊறும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்க்குமாறும், போதாவிடில் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் நேரத்தை நீட்டுமாறும் அங்கேயே கேளுங்கள். பூட்டிய பின்னர்ப் பொறுமையே மருந்து. சில வாரமாவது முடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். முதல் வேலையில் பயன்பட்ட பசையின் பெயர், வலிமை, நின்ற நேரம், தேதி ஆகியவற்றை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடு இல்லாத வேலை பாதி வேலை என்பது எங்கள் அலுவலக அனுபவம்.

ஓய்வுக்குப் பின், பிடரியின் உட்புறத்தில் ஒரு சிறு கற்றையில் மட்டும் மூன்று படிகளையும் முழுமையாகச் செய்து, ஓரிரு நாள் கழித்து அலசி, மேற்சொன்ன இழுவைச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். கற்றை தேறினால்தான் தலை. அப்போதும் சுருள் எஞ்சிய பகுதிக்கு மட்டுமே பசை. நன்கு நிமிர்ந்த பகுதிக்குக் கண்டிஷனர் பூசிக் காப்பிட வேண்டும். தோலைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பூச வேண்டும். நன்றாக அலசி, முழுதும் உலர்ந்த பின்னரே சூட்டுப் பட்டை. ஈர முடியில் சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கிவிடும். பூட்டும் பசைக்கு உரிய நேரத்தைக் குறைத்தல் கூடவே கூடாது. தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்று நிலையத்தின் பக்கமே செல்லாதீர்கள். கருவுற்றிருப்போர் மருத்துவரைக் கேளாமல் எதுவும் செய்துகொள்ளலாகாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தையோகிளைக்கோலேட் பட்ட முடியின்மேல் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரப் பசை சேரலாகாது; இவை இரண்டும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை, முடி முறிந்து போகும். அவ்வாறே, உலோக உப்புக் கலந்த சாயமோ கலப்பட மருதாணியோ இட்ட முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி கெடும். இட்டதை மறையாது சொல்லுங்கள்.

கெராட்டின் சிகிச்சை என்ற பெயரில் வருவனவற்றுள் சில, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளிவிடுகின்றன. அது மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் முடிவு செய்தது. அதற்கு மாற்றாகக் கிளையாக்சிலிக் அமிலம் வந்தது. மூன்று முறை அவ்வமிலத்தால் முடி நிமிர்த்திக்கொண்ட 26 வயதுப் பெண்ணொருத்திக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பழுதுற்றதை 2024இல் பிரான்சு மருத்துவர்கள் வெளியிட்டனர். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. நிமிர்த்தும் பொருள்களை அடிக்கடி பயன்படுத்தியோர்க்கு 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 4.05 என்றும், பயன்படுத்தாதோர்க்கு 1.64 என்றும் அது மதிப்பிட்டது. தொடர்பு உண்டென்பதே இதன் பொருள். காரணம் அதுவே என்று தீர்ப்பாகிவிடவில்லை. எனினும், "இன்னொரு முறை" என்று சொல்வதற்கு முன் ஒரு நாழிகை சிந்திக்க இது போதாதா?

நைந்த முடிக்கு என் செய்வது? முட்டையும் தயிரும் கற்றாழையும் பூசினால் மென்மை தோன்றும்; உடைந்த பிணைப்பு சேராது. முட்டையின் புரதத் துகள் முடிக்குள் நுழைய இயலாத அளவிற்குப் பெரியது. ஆனால் நம் தேங்காயெண்ணெய்க்கு ஒரு பெருமை உண்டு. மும்பை ஆய்வாளர்களான ஆரத்தி ரேலே, மொஹிலே ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றனுள் முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. எனவே தலைமுழுகுமுன் அளவாய் எண்ணெய், அகன்ற பல் சீப்பு, தளர்ந்த பின்னல், சிதைந்த நுனியை அவ்வப்போது கத்தரித்தல். மற்றதை வேர் பார்த்துக்கொள்ளும்.

தாய்மார்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கூந்தலை ஐம்பால் என்று நம் முன்னோர் வழங்கினர். முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள் என்று ஐந்தாக அதை எண்ணும்போது சுருளையும் ஓர் அழகாகவே எண்ணினர். நிமிர்த்திக்கொள்வது அவரவர் விருப்பம். அதை யான் பழிக்கவில்லை. ஆனால் நிமிராது எஞ்சிய நான்கு விரற்கடைச் சுருளைக் குறையென்று மகளிடம் நாம் ஓயாமல் சொல்லும் சொல்தான், அவளை மறுநாளே இரண்டாம் நிலையத்திற்கு விரட்டுகிறது. அந்தச் சொல்லை நாம் அடக்கினால் பாதித் திருத்தம் வீட்டிலேயே முடிந்துவிடும். எஞ்சிய பாதிக்கு ஒரு மாதப் பொறுமையும் ஒரு சிறு கற்றைச் சோதனையும் போதும்.