ஆற்றலுக்கேற்ற தவமும் சிறுநீரகக் குருதிப் பரிசோதனையும்



தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள் ஒன்று ‘சக்திக்கேற்ற தவம்’. தவம் செய்க என்று கூறும் ஆகமம், தன் ஆற்றலை அறிந்து செய்க என்னும் வரம்பையும் அதனுள்ளேயே வைத்துள்ளது. உடலின் ஆற்றலைக் கண்ணால் அளக்க இயலாது. அதனை அறிய உதவும் வழிகளுள் ஒன்று, சிறுநீரகச் செயற்பாட்டைக் காட்டும் குருதிப் பரிசோதனை.

காரைக்கால் காவிரியின் கடைமடைப் பகுதி. அரசலாறு கடலில் கலக்கும் இவ்வூரார்க்கு வடிகாலின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. உடலின் வடிகால்கள் சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, வேண்டியதை மீட்டுக்கொண்டு, ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. வடிகால் பாதி தூர்ந்திருப்பதைக் கோடை காட்டாது. பெருமழை வந்தபின்னரே தெரியும். அவ்வாறே சிறுநீரகம் பாதி நலிந்த பின்னும் அறிகுறி தோன்றாதிருக்கலாம்.

பரிசோதனை எளியது. முழங்கை மடிப்பிலுள்ள நரம்பிலிருந்து சில மில்லி லிட்டர் குருதி எடுப்பர். வலி நொடிப்பொழுதே. இதற்கென வெறும் வயிறு பெரும்பாலும் தேவையில்லை; சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பதாயின் இரவு உண்ணாமை தேவைப்படும். சூரியன் மறைந்தபின் உண்ணாத குடும்பத்தார்க்கு அது புதிதன்று.

தசை இயங்குவதால் உண்டாகும் கழிவாகிய கிரியாட்டினினே இதில் முதன்மையாக அளக்கப்படுவது. 1886-இல் மாக்ஸ் யாஃபே என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட நிறமாற்ற முறை இன்றும் பல ஆய்வகங்களில் வழக்கில் உள்ளது. ஒரு டெசிலிட்டரில் 0.6 முதல் 1.2 மில்லி கிராம் வரை பொதுவாக இயல்பு எனக் குறிப்பர். எனினும் அந்த எண்ணை மட்டும் நோக்கி அமைதி கொள்ளலாகாது. 30 வயது ஆடவர்க்கு 1.2 என்றால் வடிதிறன் ஏறத்தாழ 83, அதே 1.2, 70 வயது மூதாட்டியார்க்கு ஏறத்தாழ 49 தான். ஆகவே ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்னும் வடிதிறன் வரியையும் படித்தல் வேண்டும். அது மூன்று மாதத்திற்கு மேல் 60-க்குக் கீழ் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்வர். ஒரே அறிக்கை தீர்ப்பாகாது. சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்பதையும் உடன் காண்பது நன்று.

நீரும் அருந்தாது உபவாசமிருந்த மறுநாள் குருதி கொடுத்தால், உடலின் நீர் வற்றியமையால் யூரியாவும் கிரியாட்டினினும் உயர்ந்து காணப்படலாம். நோன்பிருந்ததை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. தடுப்பாரோ என்னும் அச்சத்தால் மறைக்கும் முதியோர் உண்டு. மறைப்பதால் மருத்துவர் தவறாகக் கணிப்பார். உண்மை கூறுதலும் தசதர்மங்களுள் ஒன்றன்றோ!

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உடையோரும், வலி மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோரும், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டோரும் பருவ நோன்பு தொடங்குமுன் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீரற்ற உடலில் வலி மாத்திரை சிறுநீரகத்தைத் திடீரெனச் சாய்க்க வல்லது. நோன்பு நாளில் எம்மருந்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவரே கூற வேண்டும். நோய் முற்றியவர் பாரணைக்கு இளநீர் அருந்துவதும் ஆபத்தாகலாம். அதில் பொட்டாசியம் மிகுதி.

உண்ணா நோன்பு கூடாதென்று மருத்துவர் கூறினால் மனம் வாட வேண்டுவதில்லை. புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்றே. சுவை துறத்தலும் தவமே. அச்சுவைகளுள் உப்பும் ஒன்று. உப்பைக் குறைத்தல் இரத்த அழுத்தத்தைத் தணித்துச் சிறுநீரகத்தையும் காக்கும். நூலோதல், தியானம், தொண்டு முதலிய அகத்தவங்களுக்கோ எந்த மருத்துவரும் தடை சொல்லார்.

எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை நம் அறம். அவ்வுயிர்களுள் தம்முயிரும் ஒன்றென உணர்ந்து, ஆற்றல் அறிந்து தவம் இயற்றுவோமாக.

அறம் வெல்க!