அரண்மனை வாசல் திறந்திருக்கிறது



டெல்லியில் இந்தியா கேட் என்ற பெரிய வளைவு இருக்கிறது. மாலையில் அங்கே மக்கள் கூட்டமாக வருவார்கள். கடலை கொறிப்பார்கள். குழந்தைகளுக்குப் பலூன் வாங்கித் தருவார்கள்.

அதன் அருகில் ஒரு மாளிகை இருக்கிறது. நடுவில் குவிமாடம். இரு பக்கமும் சிறகு விரித்தது போன்ற கட்டடம். மேலிருந்து பார்த்தால் வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். வாசலில் காவலர் நிற்பார். அவரைப் பார்த்ததுமே பலர் திரும்பிவிடுவார்கள். "பெரிய மனிதர்கள் போகிற இடம். நமக்கு எதற்கு?" என்பார்கள்.

அப்படித் திரும்ப வேண்டியதில்லை. அது மக்களுடைய இடம்.

அதன் பெயர் ஜெய்ப்பூர் மாளிகை. 1936-இல் ஜெய்ப்பூர் மகாராஜா டெல்லியில் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1954 மார்ச் 29 அன்று, அங்கே தேசிய நவீன கலைக்கூடம் தொடங்கியது. அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பிரதமர் நேருவும் வந்திருந்தார். 2009-இல் புதிய கட்டடம் ஒன்றும் சேர்ந்தது. அங்கே 17,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் உள்ளன. இதை நடத்துவது மத்திய அரசு. அரசுக்குப் பணம் ஏது? மக்கள் கட்டும் வரிதான். கடையில் சோப்பு வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறார்.

உள்ளே என்ன இருக்கிறது?

வளாகத்தில் ஒரு சிலை உண்டு. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்பிப் பெயர்க்கிறார்கள். உடல் முழுவதும் உழைப்பு தெரிகிறது. 'உழைப்பின் வெற்றி' என்பது அதன் பெயர். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர். இதே சிலை 1959-இல் சென்னை மெரினா கடற்கரையிலும் வைக்கப்பட்டது. கல் உடைத்தவருக்கும் மண் சுமந்தவருக்கும் இந்தச் சிலையை யாரும் விளக்க வேண்டாம்.

அம்ரிதா ஷெர்கில் 1935-இல் வரைந்த 'மூன்று பெண்கள்' என்ற ஓவியமும் இங்கே உள்ளது. மூன்று இளம்பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் மனத்தில் என்ன? கல்யாணக் கவலையா? பார்க்கிறவர்தான் யோசிக்க வேண்டும். அம்ரிதா 1941-இல், 28 வயதில் இறந்துவிட்டார். அந்தப் பெண்கள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சில படங்களில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. வெறும் கோடும் வண்ணமும்தான். புரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். வாசலில் போட்ட கோலத்துக்கு அர்த்தம் கேட்பார் உண்டா? கண் நின்று பார்க்கிறது. அதுபோல இதையும் பார்க்கலாம்.

படத்தைத் தொடக்கூடாது. கையிலுள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் வண்ணத்தைக் கெடுக்கும். அதிக வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். அதனால்தான் சில அறைகளில் விளக்கு மங்கலாக இருக்கிறது.

நுழைவுச் சீட்டுக்குச் சிறு தொகைதான். திங்கட்கிழமை விடுமுறை. படத்தின் பக்கத்தில் ஒரு சிறு அட்டை இருக்கும். எண் படிக்கத் தெரிந்தவர் அதிலுள்ள ஆண்டைத் தாமே படித்துக்கொள்ளலாம்.

டெல்லிக்குப் போகிறவர்கள் இந்தியா கேட்டோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்து அந்த வாசலுக்குள்ளும் அழைத்துச் செல்லுங்கள். காவலர் நிற்பது படங்களைக் காக்க. மக்களைத் தடுக்க அல்ல.