நிறைந்தே திரும்பும் பாட்டில்கள்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒகேனக்கல் காட்டில் யானைக் கணக்கெடுப்புக்குப் போய் வந்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். யானையில் தொடங்கி வேறு எங்கோ போய் முடிப்பேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மே 17, 18, 19 ஆகிய மூன்று நாள்கள் தென்மாநிலங்களில் ஒரே நேரத்தில் கணக்கெடுப்பு நடந்தது. ஏன் ஒரே நேரத்தில்? நம் ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். யானைக்கு அந்த எல்லை கிடையாது. கோடையில் ஆறு வற்றியதும் நடந்தே கடந்துவிடும். இன்று நாமும் நாளை அவர்களும் எண்ணினால் ஒரே யானை இரண்டு கணக்கிலும் வந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அது அக்கரையில் இருக்கும் கர்நாடகச் சரணாலயத்தோடு சேர்ந்து கிடக்கும் ஒரே காடு.

தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருந்தேன். என் குழுவில் நான்கு பேர்: இளைஞரான வனக்காப்பாளர் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், நான். பெண் நான் ஒருத்திதான்.

முதல் நாள் வேலை நடை. பிரித்துக் கொடுத்த பகுதிக்குள் விடிந்ததிலிருந்து நடந்து, கண்ணில் படும் யானைகளை ஆண், பெண், குட்டி என்று குறிக்க வேண்டும். பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது என்றார்கள். நான் தினமும் நடைப்பயிற்சி செய்பவள்தான். பென்னாகரத்தில் காலைக் காற்றில் நடப்பதும் ஒகேனக்கல் பள்ளத்தில் மே மாதம் நடப்பதும் ஒன்றல்ல என்பது மலைப்பாதையில் வண்டி இறங்கும்போதே தெரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் வெக்கை ஏறியது.

காடு என்றதும் பிள்ளைகள் பச்சையாகத்தான் வரைவார்கள். அன்று நான் பார்த்தது சாம்பல் நிறக் காடு. ஆச்சா மரங்களும் உசிலையும் இலை உதிர்த்து நின்றன. மூங்கில் காய்ந்து உரசிக் கிறீச்சிட்டது. நிழல் என்று சொல்ல ஆற்றோரத்து நீர்மருதுதான். நாங்கள் இருந்ததோ மேட்டில். ஒன்பது மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. மேலே வெயில், கீழே பாறை, தோசைக்கல்லில் நிற்பது போல. காலை எட்டரைக்கு ஓடைச்சரிவில் ஒரு கூட்டத்தைப் பார்த்தோம், ஏழு யானைகள். காதுகளை விசிறிக்கொண்டே நின்றன. யானைக்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. காதில் ஓடும் ரத்தத்தைக் காற்றில் ஆற்றித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். கையில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. அதைக் குடிக்கவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் குடிக்கவில்லை. மூன்று ஆண்களோடு, மறைவில்லாத காட்டில், குடித்தால் ஒதுங்க வேண்டும். ‘கொஞ்சம் நில்லுங்கள்’ என்று யாரிடம் சொல்வது? நாக்கு நனைய இரண்டு மடக்கு, அவ்வளவுதான். இங்கே உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தேர்தல் பணிக்கும் வெளியூர்ப் பயிற்சிக்கும் போகும்போது நாம் எல்லோரும் செய்வதுதான்.

பதினொரு மணிக்குத் தலைவலி. பிறகு குமட்டல். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சொல்ல வெட்கப்பட்டு நடந்தேன். படிவத்தில் நேரம் எழுதும் கட்டத்தில் யானை எண்ணிக்கையை எழுதியிருக்கிறேன். கணக்கு டீச்சர்! அந்த மாணவர் “மேடம், இது தப்பா இருக்கே” என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபமும் ஒரு அறிகுறிதான் என்று பிறகு தெரிந்தது.

முதலில் கவனித்தவர் அந்தக் காவலர்தான். ஓடை மணலில் ஒரு பள்ளத்தின் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தினார். யானை தோண்டிய ஊற்று அது. அடியில் ஈரம் தெரிந்தது. பக்கத்தில் அவரும் கையால் மணலைப் பறித்தார். சிறிது நேரத்தில் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. துண்டை நனைத்து என் கழுத்திலும் தலையிலும் போடச் சொன்னார். பாறை இடுக்கு நிழலில் உட்கார வைத்தார். தன் தூக்குவாளியைத் திறந்து, உப்புப் போட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழைக் கொடுத்தார். “மெதுவா குடிங்கம்மா. ஒரேடியா வேணாம்.”

பிறகு மற்ற இருவரையும் பார்த்து, “வாங்க, அந்த மேட்டுக்குப் போய்த் தடம் பாத்துட்டு வரலாம், டீச்சரம்மா கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்று கூட்டிக்கொண்டு போனார். கூப்பிடு தூரத்தில், முதுகைக் காட்டியபடி நின்றார்கள். அங்கே பார்ப்பதற்குத் தடம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி நடக்கும்போது பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்: “எம்பொண்ணும் இப்படித்தாங்க. பள்ளிக்கூடத்துக்கு பாட்டில் நெறய தண்ணி கொண்டுட்டுப் போவா, சாயந்தரம் அப்படியே கொண்டாருவா. அவங்கம்மா திட்டுவா. நான் ஒண்ணும் கேக்கறதில்ல.”

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நான் திட்டுகிற கூட்டத்தில் இருந்தவள். ‘தண்ணி குடிக்கக்கூட டைம் டேபிள் போடணுமா?’ என்று என் வகுப்புப் பெண்களை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் மருத்துவச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், விளையாட்டுவிழா நடத்துபவர்களுக்குப் பயன்படும். எனக்கு வந்தது வெப்பச் சோர்வு. நிழல், ஈரத்துணி, விசிறி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், இவற்றால் சரியாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை ருசிக்காக அல்ல. குடலில் உப்பை உள்ளே இழுத்துச் செல்வதே அதுதான், உப்போடு தண்ணீரும் போகும். பிள்ளை உளறினாலோ, மயங்கினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாம் நாளும் போனேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள். இரண்டு பாட்டிலோடு போனேன், குடித்தேன், “நீங்க முன்னால போங்க, வர்றேன்” என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அன்றைய வேலை எனக்கு மிகவும் பிடித்தது, லத்தி எண்ணுவது. இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து, இருபுறமும் தெரியும் யானை லத்தி ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று செங்குத்தாக அளக்க வேண்டும். அதிலிருந்து ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை லத்தி என்று வரும். லத்தி மக்கும் வேகம் தெரியும். ஒரு யானை நாளுக்கு ஏறத்தாழ பதினாறு முறை போடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். பெருக்கி, வகுத்தால் யானை வந்துவிடும்! கண்ணுக்கே படாத யானையை அது விட்டுச் சென்றதை வைத்து எண்ணிவிடலாம். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்த விடை 2,961. அதற்கு முன் 2017இல் 2,761.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் இதே கணக்கை வேறு பொருளில் செய்தோம். ‘தண்ணீர் குடித்தாயா?’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ‘குடிச்சேன் டீச்சர்’ என்றுதான் சொல்லும். அதனால் கேட்கவில்லை. நான்கு மணிக்குப் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அளவுக்குடுவையில் ஊற்றி, பெயர் இல்லாமல், ஆண், பெண் என்று மட்டும் குறித்தோம். ஒரு வாரம். சராசரி, வீச்சு, பட்டை வரைபடம் எல்லாம் பிள்ளைகளே போட்டார்கள். வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டியதும் பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் அமைதி. இரண்டு பட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்கு உயரம் வேறுபட்டிருந்தன.

அன்று மாலை ஒரு பெண் மட்டும் பின்தங்கி நின்றாள். “டீச்சர், ரெண்டாவது ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி வெளிய நின்னு கதவப் புடிக்கணும். கூட வர ரெண்டு பேருக்குப் பர்மிஷன் தர மாட்டாங்க.”

பல ஆண்டுகள் அந்தப் பள்ளியில் இருக்கிறேன். அந்தத் தாழ்ப்பாள் எனக்குத் தெரியாது. ஆசிரியர் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

தாழ்ப்பாளுக்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு. அனுமதி விஷயம்தான் கடினம். ‘ஆளாளுக்கு எழுந்து போனால் வகுப்பு எப்படி நடக்கும்?’ என்று ஆசிரியர் அறையில் நியாயமான சண்டையே நடந்தது. கடைசியில், கேட்காமல் எழுந்து போகலாம், ஒரு நேரத்தில் இரண்டு பேர், மேசை மேல் இருக்கும் இரண்டு மர அட்டைகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று முடிவானது. முதல் வாரம் அட்டைகள் மேசையில் தங்கவே இல்லை. இரண்டாம் வாரத்தில் அடங்கிவிட்டது.

இப்போது தண்ணீர் மணி அடிக்கிறோம். நல்லதுதான். மணி அடித்ததும் பிள்ளைகள் பாட்டிலைத் தூக்குகிறார்கள், நாமும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். எத்தனை மடக்கு உள்ளே போனது என்பது போட்டோவில் தெரியாது. ஆண்டுக்கு ஒரு வாரம் அந்த அளவுக்குடுவையை இன்றும் எடுக்கிறேன். பட்டைகள் நெருங்கி வந்திருக்கின்றன, ஒரு மாதத்தைத் தவிர. ஏப்ரலில் எங்கள் மேல்தொட்டி மதியத்துக்குள் காலியாகிவிடும். கழிப்பறையில் தண்ணீர் நின்றதும் பாட்டில்கள் மறுபடி நிறைந்தே வீட்டுக்குப் போகின்றன. இரண்டாவது தொட்டி கேட்டு எழுதிய மனுவோடு மூன்று ஆண்டு வரைபடங்களையும் இணைத்திருக்கிறோம். வரைந்தது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான்.