கணிப்பும் பந்தயமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

இன்று நமக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு பெரியவர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கூண்டுக்குள் இருவர் மோதும் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டைப் போட்டிகளைப் பற்றியும், அவற்றின் முடிவுகளை இரசிகர்கள் முன்கூட்டியே கணிக்கும் பழக்கத்தைப் பற்றியும் நாம் பேசவிருக்கிறோம். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் போட்டிகள் நமக்கு ஞாயிறு காலையில் வந்து சேர்கின்றன. அதற்கு முந்தைய ஒரு வாரம் முழுவதும் "யார் வெல்வார், எந்தச் சுற்றில் வெல்வார்" என்ற பேச்சு நம் இளைஞர்களிடையே ஓய்வதில்லை. அவர்கள் பேசுவது என்ன என்பதே தெரியாமல் "அது கூடாது, இது கூடாது" என்று சொல்லிக் கொண்டிருந்தால் அவர்கள் நம் சொல்லைக் கேட்கமாட்டார்கள். ஆகவே முதலில் செய்தியை அறிந்து கொள்வோம்.

போட்டி தோன்றிய வரலாறு

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்னும் அமைப்பின் முதல் போட்டி நடைபெற்றது. குத்துச்சண்டை, மற்போர், கராத்தே என்று பல கலைகளைச் சார்ந்தவர்களை ஒரே களத்தில் இறக்கினால் யார் வெல்வார் என்ற கேள்வியே அப்போட்டியின் கருவாக இருந்தது. அன்று களமிறங்கியவர்களில் பெரிய உடலமைப்பு இல்லாத பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி, ஒரே இரவில் மூவரைத் தோற்கடித்தார். தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சு கலையைப் பெரும்பாலான பார்வையாளர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை. உடலின் பருமனை வைத்துக் கணித்தவர்கள் முதல் நாளிலேயே தோற்றுப் போனார்கள்.

பின்னர் எடைப் பிரிவுகள், கையுறை, நேர வரம்பு, தடை செய்யப்பட்ட தாக்குதல்கள் என்று விதிகள் வகுக்கப்பட்டன. இன்று சாதாரணப் போட்டிக்கு ஐந்து நிமிடம் வீதம் மூன்று சுற்றுகள். பட்டப் போட்டிக்கு ஐந்து சுற்றுகள்.

இங்கே ஒன்றைக் கூறியாக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ருகானா என்ற மல்லருடன் மற்போர் புரிந்ததாக ஹதீஸ் நூல்களில் அறிவிப்பு உண்டு. அதே நபி (ஸல்) அவர்கள் முகத்தில் அடிப்பதைத் தடுத்திருக்கிறார்கள். இதனால்தான் மற்போரை அனுமதிக்கும் உலமாக்களில் பலர் முகத்தைக் குறிவைக்கும் சண்டைகளை ஆட்சேபிக்கின்றனர். அது தனித்து ஆராய வேண்டிய விஷயம். இன்று கணிப்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கணிப்பதற்கும் ஒரு முறை உண்டு

விவரம் அறிந்த இரசிகர் வெறும் ஆசையினால் ஒருவர் பெயரைச் சொல்லிவிடுவதில்லை. வீரரின் வெற்றி தோல்விப் பட்டியலையும், அவர் வென்றது எத்தரத்தாரை என்பதையும் பார்க்கிறார். வயதையும் கையின் நீளத்தையும் பார்க்கிறார். நின்று அடிப்பவரா, தரையில் வீழ்த்தி அடக்குபவரா என்று பார்த்து, இன்னாருடைய பாணி இன்னாருக்கு எதிராக எடுபடுமா என்று சிந்திக்கிறார். உடலின் நீரை வற்றச் செய்து எடையைக் குறைப்பதில் அவர் முன்பு துன்பப்பட்டிருக்கிறாரா, கடைசி நேரத்தில் மாற்றாக அழைக்கப்பட்டவரா என்பதையும் கணக்கில் கொள்கிறார். இவை அனைத்தும் மூளைக்கு நல்ல பயிற்சி. மேகத்தைப் பார்த்து மழையைக் கணிக்கும் உழவரும், கடலைப் பார்த்துக் காற்றைக் கணிக்கும் மீனவரும் செய்வது இதைத்தான். ஆதாரத்தின் மீது நின்று ஒரு முடிவுக்கு வருவதை மார்க்கம் பழிக்கவில்லை.

ஆனால் அந்த முடிவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? மூன்று நிகழ்ச்சிகளைக் காண்போம்.

2007 ஏப்ரலில் ஹூஸ்டன் நகரில், கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியர் தம் பட்டத்தைக் காக்கக் களமிறங்கினார். எதிராளி மேட் செர்ரா வெல்வார் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. முதல் சுற்றிலேயே செர்ரா அவரை வீழ்த்தினார். மறு ஆண்டு ஏப்ரலில் இருவரும் மீண்டும் மோதியபோது செயின்ட் பியர் எளிதாக வென்றார். எனவே அவரே சிறந்த வீரர் என்று கணித்தவர்களின் அறிவில் பெரிய குறையில்லை. சிறந்தவரும் ஒரு நாள் தோற்பார் என்பதை மட்டும் அவர்கள் மறந்திருந்தனர்.

2022 ஆகஸ்ட் 20 அன்று சால்ட் லேக் சிட்டியில் நடந்தது இதைவிட வியப்பானது. கமாரு உஸ்மான் அந்த அமைப்பில் பதினைந்து வெற்றிகளைத் தொடர்ந்து பெற்றிருந்தவர். எதிராளி லியோன் எட்வர்ட்ஸை 2015-லேயே ஒருமுறை வென்றவர். முதல் சுற்று எட்வர்ட்ஸுக்குச் சாதகமாக அமைந்தாலும், அடுத்த மூன்று சுற்றுகளில் உஸ்மானின் கையே ஓங்கியிருந்தது. ஐந்தாம் சுற்றிலும் அதே நிலை. ஆட்டம் முடிய 56 விநாடிகளே இருந்தபோது எட்வர்ட்ஸின் இடக்கால் உஸ்மானின் தலையில் பட்டது. ஆட்டம் முடிந்தது. இருபத்து நான்கு நிமிடங்கள் சரியாக இருந்த கணிப்பு ஒரே விநாடியில் தவறாயிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி நம் இளைஞர்கள் நன்கு அறிந்தது. தாகெஸ்தானின் கபீப் நூர்மகமதோவும் அமெரிக்காவின் டோனி ஃபெர்குசனும் மோத வேண்டும் என்று உலகமே எதிர்பார்த்தது. ஐந்து முறை அப்போட்டி அறிவிக்கப்பட்டது. 2015-இல் கபீபுக்கு விலா எலும்புக் காயம். 2016-இல் ஃபெர்குசனுக்கு நுரையீரல் கோளாறு. 2017-இல் எடை குறைக்கும்போது கபீப் நோயுற்று மருத்துவமனை சென்றார். 2018-இல் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் கம்பிவடம் தடுக்கி ஃபெர்குசனின் முழங்கால் காயமடைந்தது. 2020-இல் கொரோனா தொற்று குறுக்கிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் 29 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை என்ற கணக்குடன் கபீப் ஓய்வு பெற்றார். ஆயிரமாயிரம் பேர் ஐந்து ஆண்டுகளாகக் கணித்துக் கொண்டிருந்த போட்டி நடைபெறவே இல்லை.

யார் வெல்வார் என்பது இருக்கட்டும். போட்டி நடக்குமா என்பதே நம் கையில் இல்லை. நாளை ஒரு காரியத்தைச் செய்வேன் என்று கூறும்போது 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்த்துச் சொல்லுமாறு கஹ்ஃபு அத்தியாயம் நமக்குக் கற்பிப்பதன் பொருளை இதிலும் உணரலாம். மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. நம்மிடம் இருப்பது அனுமானம் மட்டுமே. அந்த எல்லையை உணர்ந்து பேசினால் கணிப்பு ஒரு நல்ல பொழுதுபோக்கு.

பணம் நுழையும் இடம்

அந்த எல்லை எங்கே மீறப்படுகிறது? "நான் சொன்னவர் வெல்வார்" என்ற சொல்லுடன் "பந்தயம் கட்டுகிறாயா?" என்ற சொல் சேரும் இடத்தில்தான்.

ரோமர்களைப் பாரசீகர் வென்றபோது மக்கத்து இணைவைப்பாளர்கள் மகிழ்ந்தனர். சில ஆண்டுகளில் ரோமர்களே வெல்வார்கள் என்று ரூம் அத்தியாயம் அறிவித்தது. அதை உறுதியாக நம்பிய அபூபக்ர் (ரலி) அவர்கள் குறைஷியரிடம் பந்தயம் கட்டியதாகவும், அது பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன்னர் நடந்ததாகவும் திர்மிதீ நூலில் அறிவிப்பு உள்ளது. ரோமர்கள் வென்றார்கள். சகோதரர்களே, சிந்தியுங்கள்! வஹீயின் அடிப்படையில் அமைந்த பந்தயமே அத்தடைக்கு முந்தைய காலத்தோடு முடிந்துவிட்டதென்றால், ஒரு வீரரின் இடக்காலையும் வலக்கையையும் நம்பி நாம் கட்டும் பந்தயத்திற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

மாயிதா அத்தியாயம் மதுவோடும் குறிபார்க்கும் அம்புகளோடும் சேர்த்தே சூதைத் தடை செய்கிறது. மதுவும் சூதும் மனிதரிடையே பகையை மூட்டும், இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கும் என்று காரணமும் கூறுகிறது.

மார்க்கத்தின் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு உலகக் கணக்கைப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். சமபலம் உள்ள இருவர் மோதும்போது பந்தய நிறுவனம் இருவருக்கும் 1.90 என்ற விகிதத்தை அறிவிப்பதாகக் கொள்வோம். நூறு ரூபாய் கட்டி வென்றவருக்குக் கட்டிய பணத்தையும் சேர்த்து 190 ரூபாய் கிடைக்கும் என்பது இதன் பொருள். ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமும் நூறு நூறாகக் கட்டினால் நிறுவனத்திடம் 200 ரூபாய் சேரும். யார் வென்றாலும் அது கொடுப்பது 190. பத்து ரூபாய் அதன் பெட்டியிலேயே தங்கிவிடும். இவ்விகிதத்தில் கட்டுபவர் நட்டமில்லாமல் தப்பிப்பதற்கே நூற்றுக்கு ஏறத்தாழ 53 முறை சரியாகக் கணிக்க வேண்டும். கூண்டுக்குள் யார் வீழ்ந்தாலும் நிறுவனம் வீழ்வதில்லை.

பணம் புகுந்த பின் போட்டியின் நேர்மையும் கேள்விக்குரியதாகிறது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வந்த மத்தியச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தபின் அங்கே மாநிலந்தோறும் பந்தயம் பரவியது. 2022 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் நடந்த ஒரு யு.எஃப்.சி. போட்டிக்குச் சில மணி நேரம் முன்பு, ஒருவர் முதல் சுற்றிலேயே தோற்பார் என்ற பக்கம் பணம் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்தது. அவர் 67 விநாடிகளில் தோற்றார். முன்னரே இருந்த காயத்தை அவர் தெரிவிக்கவில்லை என்று நெவாடா விளையாட்டு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் யு.எஃப்.சி. போட்டிகள் மீதான பந்தயத்தைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. வீட்டிலிருந்து பட்டியல்களை ஆராய்ந்து கணிக்கும் இளைஞருக்கு அந்தக் காயம் எப்படித் தெரிந்திருக்கும்? தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் பணத்தை எடுத்துச் செல்லும் சந்தை அது.

நம் நாட்டிலும் தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வாசலை அடைக்கலாம். கைப்பேசியில் வேறு வழியாக நுழைவதைத் தடுப்பது வீட்டாரின் கண்காணிப்பும் இளைஞரின் இறையச்சமும்தான்.

"நாங்கள் பணம் கட்டவில்லை, தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதானே" என்று சில பிள்ளைகள் கேட்கலாம். இரு தரப்பும் இழப்புக்கு உட்பட்டுப் பொருள் வைத்தால், அது பிரியாணியானாலும் தேநீரானாலும் பந்தயமே. "வா, சூதாடுவோம்" என்று நண்பனை வெறுமனே அழைத்தவரைக்கூடத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். கூடுதல் விளக்கம் வேண்டுவோர் நம் இமாம் அவர்களை அணுகித் தெளிவு பெறலாம்.

பகை நுழையும் இடம்

2018 அக்டோபர் 6 அன்று லாஸ் வேகாஸில் கபீபும் அயர்லாந்தின் கானர் மெக்கிரிகரும் மோதினர். போட்டிக்கு முன் கபீபின் தந்தையையும் மார்க்கத்தையும் இழித்துரைக்கும் பேச்சுகள் எழுந்தன. நான்காம் சுற்றில் எதிராளியை மடக்கி வென்ற கபீப், அதோடு நில்லாமல் கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணியினர் மீது பாய்ந்தார். பெருங்குழப்பம் விளைந்தது. நெவாடா ஆணையம் அவருக்கு ஐந்து இலட்சம் டாலர் அபராதமும் ஒன்பது மாதத் தடையும் விதித்தது. மெக்கிரிகருக்கும் அபராதமும் தடையும் உண்டு. கபீப் அன்றிரவே ஆணையத்திடம் வருத்தம் தெரிவித்தார்.

நம் இளைஞர்கள் வெற்றியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வருத்தம் தெரிவித்ததை மறந்துவிடுகிறார்கள். கபீபை முஸ்லிம் என்பதற்காக நேசிப்பது இயல்பு. ஆனால் அவருடைய எதிராளியின் இரசிகரை ஏசுவதும், "நம் ஆள் தோற்கமாட்டார்" என்று சவால் விட்டு, தோற்றால் முகம் கொடுத்துப் பேசாதிருப்பதும் எந்த மார்க்கத்தில் உள்ளது? இன்று பட்டங்கள் வென்றுள்ள அவருடைய தோழர் இஸ்லாம் மகாச்சேவ், 2015-இல் முதல் சுற்றிலேயே வீழ்த்தப்பட்டவர்தான். ஒரு வீரரின் தோல்வியால் மார்க்கத்தின் கண்ணியம் குறைந்துவிடாது.

இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள்

கணிக்க விரும்புகிறவர்கள் கணியுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு, யார் வெல்வார், நூற்றுக்கு எவ்வளவு உறுதி, என்ன காரணம் என்று எழுதி வையுங்கள். போட்டி முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். நூற்றுக்கு எழுபது உறுதி என்று எழுதிய பத்துக் கணிப்புகளில் ஏழு சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நான்குதான் சரியென்றால், உங்கள் உறுதி உங்கள் அறிவை மிஞ்சியிருக்கிறது என்று பொருள். இந்தப் பழக்கம் நாளை ஒரு தொழிலில் முதலீடு செய்யும்போதும், ஒருவரை நம்பிக் கடன் கொடுக்கும்போதும் உங்களுக்குக் கை கொடுக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் பணத்துக்கென்று ஒரு பத்தி வேண்டாம். முந்தைய இரவு கண் விழித்துப் பேசி ஃபஜ்ரைத் தவறவிட வேண்டாம். தம்பிமார்கள் ஞாயிறு காலை மக்தபுக்கு வர வேண்டிய நேரத்தில் அண்ணன்மார்கள் அவர்களைத் திரையின் முன் அமர்த்தி வைக்க வேண்டாம்.

பெற்றோர்களே! பிள்ளைகளிடம் "யார் வெல்வார் என்று நினைக்கிறாய்?" என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் காரணத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சின் ஊடே பணம் ஏதேனும் புழங்குகிறதா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். கடன்பட்டுவிட்ட பிள்ளை ஒருவன் இருந்தால், அவனை அடித்து விரட்டாமல் ஜமாஅத் பெரியவர்களிடம் அழைத்து வாருங்கள். அவனுடைய மானம் காக்கப்பட வேண்டியது நம் அனைவரின் பொறுப்பு.

வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களுக்குச் சீரிய அறிவையும், ஹலாலான பொருளையும், ஒற்றுமையையும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.