இணை, சோடி, இரட்டை



இரண்டு பகுதிகளால் ஆகிய பொருள்களைக் குறித்தற்குத் தமிழில் நாம் வழங்கும் சொற்கள் சிலவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன். இணை, சோடி, இரட்டை என்பன அச்சொற்கள். மூன்றும் ஒரே பொருளைத் தருவன என்றும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டு எழுதுவதால் கேடில்லை என்றும் கருதுவோர் பலர். அவ்வாறு கருதுவதனால் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் சில வேளைகளில் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலும் இடர் விளைகின்றது. ஆதலின் இஃது இலக்கண ஆசிரியருக்கு மட்டும் உரிய பொருளன்று. வீட்டிலுள்ள எல்லோருக்கும் உரியது.

இரண்டு என்னும் எண்ணைத் தமிழ்மொழி எவ்வாறு நோக்குகின்றது என்பதை முதலிற் காண்போம். வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என எண் மூவகைப்படும். இரண்டு கண்களைக் குறித்தற்கு அங்கே தனியான சொல்வடிவம் உண்டு. அறபு மொழியிலும் அத்தகைய இருமை வடிவம் இன்றும் எழுத்து வழக்கில் நிலவுகின்றது. ஓதிப் பழகிய முஸ்லிம் நேயர்கள் இதனை நன்கறிவர். தமிழிலோ ஒருமை, பன்மை என்னும் இரண்டே உள. இருமை என்பது சொல்லின் ஈற்றில் தோன்றாது. தனிச்சொல்லால் உணர்த்தப்பட வேண்டும். இணை, சோடி, இரட்டை என்னும் சொற்கள் நமக்கு இன்றியமையாதன ஆயினமைக்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. இயல்பாகவே இரண்டாக உள்ளவற்றைத் தமிழர் பெரும்பாலும் ஒருமையிலேயே சொல்லிவிடுகின்றனர். 'கால் கழுவிக்கொண்டு உள்ளே வா' என்று தாய் பிள்ளைக்குச் சொல்கின்றாள். எந்தப் பிள்ளையும் ஒரு காலை மட்டும் கழுவிக்கொண்டு வருவதில்லை. 'பாட்டிக்குக் காது கேளாது' என்றால் இரு செவியும் என்றே பொருள்படும். இரண்டும் ஒரு தொழிலைச் செய்தலின் அவை ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. இது மொழியின் குறைபாடு அன்று, சிக்கனம்.

இனி, வீட்டுப் பொருள்களுக்கு வருவோம். கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகுகள் உண்டு. பாக்குவெட்டிக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்றிலே அலகு இருக்கும், மற்றொன்று பாக்கைத் தாங்கும். திருகைக்கு மேற்கல், கீழ்க்கல் என இரு கற்கள் உண்டு. தராசுக்குத் தட்டு இரண்டு. எனினும் நாம் 'ஒரு கத்தரிக்கோல்', 'ஒரு பாக்குவெட்டி', 'ஒரு திருகை', 'ஒரு தராசு' என்றே சொல்கின்றோம். பாக்குவெட்டியின் இரு கைகளையும் பிணைக்கும் ஆணியைக் கழற்றிவிட்டால் எஞ்சுவன இரு பாக்குவெட்டிகள் அல்ல. இரு இரும்புத் துண்டுகளே. பிரித்தால் பெயரை இழக்கும் பொருள் எதுவோ அஃது எத்தனை பகுதி உடையதாயினும் ஒன்றே. இதனை முதல் விதியாகக் கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் வழக்கு வேறு. கத்தரிக்கோல், காற்சட்டை, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை அம்மொழியார் சோடியாகவே சொல்வர். 1945ஆம் ஆண்டிலே இந்நாட்டின் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னர், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணி நம் நாட்டிற் பெருகியது. அப்பணியில் விழிப்புத் தவறும்போது 'ஒரு சோடி கத்தரிக்கோல்', 'ஒரு சோடி மூக்குக்கண்ணாடி' என்னும் தொடர்கள் புகுந்துவிடுகின்றன. பாடசாலைக்குத் தேவையான பொருள்களின் பட்டியலில் 'கத்தரிக்கோல் ஐந்து சோடி' என்று எழுதப்பட்டால் களஞ்சியப் பொறுப்பாளர் எத்தனை அனுப்புவார்? தமிழ்வழக்கு அறிந்தவராயின் பத்து அனுப்புவார். அவர்மேற் குற்றமில்லை, எழுதியவர் மேலதே குற்றம்.

அவ்வாறாயின் சோடி என்னும் சொல் எங்கே பொருந்தும்? இச்சொல் இந்தி, மராத்தி முதலிய மொழிகளில் 'ஜோடி' என வழங்குவது. சிங்கள மொழியிலும் 'ஜோடுவ' என்று சோடியைக் குறிப்பர். நம் நாட்டுத் தமிழர் ஜகர ஒலியை விடுத்துச் சகரமாக்கிச் 'சோடி' என்று தமிழியல்புக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்டனர். அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்த சொற்களுள் சப்பாத்து என்பதும் ஒன்று. இன்று 'ஒரு சோடி சப்பாத்து' என்று நாம் சொல்லும்போது, இருவேறு திசைகளிலிருந்து வந்த விருந்தினர் இருவர் நம் வீட்டுத் திண்ணையில் ஒன்றாக அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். வழக்கில் ஊன்றிய சொல் எங்கிருந்து வந்ததாயினும் நம்முடையதே.

சப்பாத்து, செருப்பு, காலுறை, காப்பு, தோடு, வண்டியிற் பூட்டும் மாடு ஆகியவை சோடியாக எண்ணப்படுவன. இவற்றின் இயல்பு யாது? பிரித்தாலும் ஒவ்வொன்றும் தன் பெயரை இழப்பதில்லை. ஒரு செருப்புத் தொலைந்தாலும் எஞ்சியது செருப்பே. ஆனால் அதன் பயன் போய்விடுகின்றது. பெயர் நிற்கப் பயன் குன்றுவது சோடியின் இலக்கணம் எனலாம். சோடியிலுள்ள இரண்டும் ஒன்றையொன்று முழுதும் ஒத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. இடக்காற் சப்பாத்தை வலக்காலில் இடல் இயலாது. நுகத்திற் பூட்டிய மாடுகளுக்கும் வலத்தன், இடத்தன் என வேறு வேறு பெயர்கள் உண்டு. பக்கம் பழகிய மாட்டை மாற்றிப் பூட்டினால் வண்டில் நேராகச் செல்லாது என்பதை உழவர் அறிவர்.

சோடி குலைந்தபோது எஞ்சியதைக் குறித்தற்கும் தமிழில் ஓர் அரிய சொல் இருக்கின்றது. அதுவே 'ஒற்றை' என்பது. 'ஒரு தோடு' என்று சொன்னால் அது எண்ணிக்கை மட்டுமே. 'ஒற்றைத் தோடு' என்றால் மற்றொன்று இருக்க வேண்டும், இப்போது இல்லை என்னும் செய்தியும் உடன் வருகின்றது. இரண்டாக இருத்தற்கு உரியது தனித்து நிற்றலையே இச்சொல் பெரும்பாலும் உணர்த்தும். ஒரு மாடு பூட்டிய வண்டியை 'ஒற்றைத் திருக்கல்' என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதும், இரட்டைமாட்டு வண்டில் ஒன்று மனத்தில் இருப்பதனாலேயே.

அடுத்தது இரட்டை. இது 'இரண்டு' என்னும் எண்ணோடு நெருங்கிய உறவுடையது. ஒரே தன்மையது இருமுறை வருதலை இச்சொல் சிறப்பாக உணர்த்தும். இரட்டைப் பிள்ளைகள், இரட்டைக் கதவு, இரட்டைக் கோடு என்பன சான்று. கணிதத்தில் இரண்டால் மீதியின்றி வகுபடும் எண்ணை இரட்டை எண் என்றும், வகுபடாததை ஒற்றை எண் என்றும் கற்பிக்கின்றோம். மீதியாய் நிற்கும் அந்த ஒன்றுக்குத் துணை இல்லை. ஆதலின் அங்கேயும் 'ஒற்றை' என்னும் பெயர் மிகப் பொருத்தமாகவே அமைந்தது.

இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்பது யாவரும் அறிந்தது. சலசல, கலகல, மடமட என்பன அவை. இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலேயே வரையறுத்துவிட்டார். பாம்பைக் கண்டு 'பாம்பு பாம்பு' என அலறுவது இரட்டைக்கிளவி ஆகாது, அஃது அடுக்குத்தொடர். அச்சத்தின் அளவுக்கேற்ப அது மூன்றாகவும் நான்காகவும் அடுக்கலாம். 'சல' என ஒன்றாய் நிறுத்தினாலோ, மூன்றாய் நீட்டினாலோ இரட்டைக்கிளவி சிதைந்துவிடும். சற்று முன்னர்ப் பாக்குவெட்டியிற் கண்ட அதே இயல்பைச் சொல்லிலும் காண்கின்றோம் அல்லவா? இரு பகுதி உடைய ஒரே சொல் இது.

இப்போது இணை என்னும் சொல்லை நோக்குவோம். இம்மூன்றனுள் ஆழம் மிக்கது இதுவே. இணை என்பதற்குச் சேர்க்கை என்பது ஒரு பொருள். ஒப்பு என்பது மற்றொரு பொருள். சைவர் இறைவன் திருவடிகளை 'இணையடி' என்று போற்றுவர். அங்கே சேர்ந்திருத்தல் முன்னிற்கின்றது. முஸ்லிம்கள் இறைவனுக்கு 'இணைவைத்தல்' கூடாது என்பர். அங்கே இணை என்பது சமமாகக் கொள்ளப்படும் ஒன்றைக் குறித்தது. 'ஈடிணையற்ற' என்னும் வழக்கிலும் ஒப்புமைப் பொருளே உள்ளது. ஒரே சொல், இந்நாட்டிற் பல சமயத்தார் நாவிலும் தன் இரு பொருளையும் இழவாமல் வாழ்ந்து வருகின்றது.

கணிதத்திலும் இதனைக் காணலாம். ஒருகாலும் சந்தியாத கோடுகளை நம் நாட்டு நூல்கள் சமாந்தரக் கோடுகள் என்கின்றன; தமிழ்நாட்டு நூல்கள் இணைகோடுகள் என்கின்றன. சந்தியாத கோடுகளை எவ்வாறு இணை என்பது என்று மாணவன் வினவலாம். ஒத்த இடைவெளியோடு உடன்செல்வதனால் அவை இணை என்க. எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமாய் அமைந்த நாற்கரத்தை இணைகரம் என்றே நாமும் வழங்குகின்றோம்.

மாணவர் பரீட்சையில் தடுமாறும் இடம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இணைமொழிக்கு உதாரணம் தருக என்றால், பலர் சலசல, கலகல என்று எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். மேடு பள்ளம், ஏழை எளியவர், உற்றார் உறவினர், இன்ப துன்பம் என்பனவே இணைமொழிகள். இவற்றில் ஒவ்வொரு சொல்லும் தனித்தும் பொருள் தரும். இரண்டும் சேரும்போது பொருள் விரியும். ஒத்த பொருளனவும் இணையலாம். எதிர்ப் பொருளனவும் இணையலாம். இரட்டைக்கிளவியிற் பகுதிக்குத் தனிவாழ்வு இல்லை, இணைமொழியில் உண்டு. இவ்வேற்றுமையை உணர்ந்த பிள்ளை உதாரணங்களை மனனஞ் செய்ய வேண்டுவதில்லை.

சங்கங்களிலும் மன்றங்களிலும் பதவிப்பெயராக இச்சொல் வழங்குகின்றது. இணைச் செயலாளர் இருவர் எனின் இருவரும் நிகரானவர். ஒருவர் மற்றவர்க்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். துணைச் செயலாளர் என்றால் உதவி நிற்பவர். இணைக்கும் துணைக்கும் எழுத்தில் உள்ள வேற்றுமை சிறிது. பொறுப்பில் உள்ள வேற்றுமை பெரிது. யாப்பு விதிகளை எழுதுவோர் இதனை மறத்தலாகாது. அண்மைக் காலத்திலே இச்சொல்லின் அடியாக 'இணையம்' என்னும் புதுச்சொல்லும் பிறந்து, உலகெங்கும் பரந்த தொடர்பு வலைக்குப் பெயராயிற்று. இருவரைச் சேர்த்த சொல் இன்று எண்ணற்றோரைச் சேர்க்கின்றது.

தொடக்கத்தில் மருந்துச் சீட்டைப் பற்றிக் குறிப்பிட்டேன். இரண்டாக உள்ளதை ஒருமையிற் சொல்லும் நம் வழக்கம் பேச்சுக்கு அழகுதான். ஆனால் 'கண்ணில் இரு துளி விடுக' என்று புட்டியில் எழுதியிருந்தால், முதியவர் ஒருவர் எதனை விளங்கிக்கொள்வார்? நோயுற்ற கண்ணில் மட்டுமா, இரு கண்ணிலுமா? கண்ணுக்கு ஒன்றாக இரண்டா, ஒவ்வொரு கண்ணிலும் இரண்டா? அளவு பிழைத்தால் மருந்து பயன்படாது போகலாம், தீங்கும் செய்யலாம். 'வலக்கண்ணில் மட்டும் இரண்டு துளி' என்றோ, 'இரு கண்களிலும், ஒவ்வொன்றிலும் இரண்டு துளி' என்றோ விளங்க எழுதுதல் வேண்டும். சிக்கனம் எல்லா இடத்திலும் சிறப்பாகாது. உடல்நலம் தங்கியுள்ள இடத்தில் ஒரு சொல் மிகுவதே சிறப்பு. இத்தகைய சீட்டைப் பெறுவோரும் கேட்டுத் தெளிந்த பின்னரே வீடு திரும்புதல் நன்று.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எளிய பயிற்சி ஒன்று கூறி முடிக்கின்றேன். வீட்டிலுள்ள பொருள்களுள் இரு பகுதி உடையவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு எண்ணுவியுங்கள். ஒவ்வொன்றையும் பிரித்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பெயரே அழியுமாயின் அஃது ஒரு பொருள். பெயர் நின்று பயன் குன்றுமாயின் அது சோடி. ஒரே வகையானது இருமுறை வந்ததாயின் அஃது இரட்டை. நிகரான இரண்டு உறவினால் ஒன்றி நிற்குமாயின் அஃது இணை. உரலும் உலக்கையும் இவற்றுள் எதன்பாற்படும், அம்மியும் குழவியும் எதன்பாற்படும் என்று அவர்கள் தம்முள் வாதிடட்டும். எல்லா வினாவுக்கும் ஒரே விடை கிடைக்க வேண்டும் என்பதில்லை. அவ்வாறு வாதிடும் பிள்ளைகள் சொல்லை அளந்து பேசக் கற்றுக்கொள்வர். பிறர் எழுதியதையும் அளந்து நோக்குவர்.