நீல எறும்புக்குப் பெயர் வந்தது



கறுப்பு எறும்பு தெரியும். சிவப்பு எறும்பு தெரியும். நீல எறும்பைப் பார்த்தது உண்டா?

பெங்களூரில் ஏட்ரீ என்ற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் ஆராய்ச்சியாளர்கள் அருணாசலப் பிரதேசம் போனார்கள். அங்கே யிங்கு கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம். பத்தடி உயரத்தில் ஒரு பொந்து. உள்ளே ஏதோ மின்னியது. எல்லாம் நீல எறும்புகள்! நீளம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

தெரிந்த எறும்புகளோடு ஒப்பிட்டார்கள். எதனோடும் ஒத்துப்போகவில்லை. அது புது இனம். உடம்பை அளந்து எழுதினார்கள். ‘நீலா’ என்று பெயர் வைத்தார்கள். 2024-இல் அது அச்சில் வந்தது.

ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் அரிசி. எறும்புக்கும் அப்படித்தான். பெயர் எழுதினால்தான் கணக்கில் வரும். கணக்கில் வந்தால்தான், “அதன் காட்டை அழிக்காதே” என்று கேட்க முடியும்.