விரிசலைக் காட்டும் அதிர்வு



மண்சட்டி வாங்கும் நம் தாய்மார்கள், அதைக் கையில் ஏந்தி விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்று ஒலித்தால் சட்டி கூடைக்குள் போகும். ஒலி மங்கிக் கேட்டால், விரிசல் கண்ணில் படாவிட்டாலும் கடைக்காரரிடமே திரும்பிவிடும். பெரிய பாலங்களின் இரும்பு உத்தரங்களையும் இன்று ஏறக்குறைய இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

எந்தப் பொருளைத் தட்டினாலும் அது அதிர்கிறது. வினாடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது அதன் விறைப்பையும் எடையையும் பொறுத்தது. விரிசல் விழுந்த உத்தரத்தின் எடை குறைவதில்லை, விறைப்புதான் குறைகிறது. ஆகவே அதிர்வின் எண்ணிக்கை இறங்குகிறது. விரிசலின் இரு முகங்களும் உராய்வதால் ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இருமுனையும் தாங்கிய உத்தரம் ஒரே சமயத்தில் பல வகையாக அதிரும். முதல் வகையில் நடுப்பகுதிதான் மிகுதியாக வளையும். இரண்டாம் வகையில் நடுப்பகுதி அசையாது. இரு பாதிகளும் எதிரெதிராக வளையும். நடுவில் விரிசல் என்றால் முதல் வகை இறங்கும், இரண்டாவது அநேகமாக மாறாது. இப்படிப் பல வகைகளை ஒப்பிட்டு, விரிசல் எந்த இடத்தில் என்றுகூடக் கணிக்கிறார்கள்.

நம்மில் சிலர் இராமேஸ்வரம் போய் வந்திருப்போம். கடலைக் கடக்கும் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் இரண்டு கிலோமீட்டர். கப்பல் வந்தால் நடுவே பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் பகுதி அதற்கு இருந்தது. உப்புக் காற்று இரும்பை ஓயாமல் அரிக்கும் இடம் அது. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் தெரிந்ததால் ரயில்கள் சில மாதம் நிறுத்தப்பட்டன. பிறகு சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் பாலத்தில் உணர்கருவிகளைப் பொருத்தினார்கள். 2022 டிசம்பரில் அவை வழக்கத்தை மீறிய அதிர்வைக் காட்டவே, ரயில் போக்குவரத்தை உடனே நிறுத்திவிட்டார்கள். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும்வரை காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.

கருவி இருந்தாலும் வேலை சுலபமல்ல. வெயிலின் சூடும் அதிர்வை மாற்றும். சிறு விரிசல் மிகச் சிறிய மாற்றத்தையே தரும். அதனால் பாலம் நல்ல நிலையில் இருந்தபோது எப்படி அதிர்ந்தது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும்.

நம் உலு திராம் பக்கத்துத் தோட்டங்களில் கால்வாய்க்குக் குறுக்கே மர உத்தரம் போட்ட பாலங்களில் செம்பனைக் குலை லாரிகளும் போகின்றன, பிள்ளைகளும் நடக்கிறார்கள். உத்தரத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கினால் உள்ளே உளுத்திருக்கலாம், கரையானும் இருக்கலாம். நன்றாக ஒலித்துவிட்டது என்பதற்காக மட்டும் லாரியை ஏற்றிவிடாதீர்கள். மண்ணில் புதைந்த முனைக்குத் தட்டல் எட்டாது. லாரி போனபின் உத்தரம் தொய்ந்தே நின்றாலோ, புதிதாக நெரியும் சத்தம் கேட்டாலோ, பாலத்தின் இரு பக்கமும் மரக்கிளையைப் போட்டு வழியை அடைத்துவிட்டு, அன்றைக்கே மண்டோரிடமும் அலுவலகத்திலும் சொல்லுங்கள்.